அந்த 37.89 விநாடி

(மணவாள நகரில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது முகமது ஆரிஃப் கான் என்ற பனிச்சறுக்கு வீரரின் வாழ்க்கை. காஷ்மீர்க்காரர். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரர். ஆம், நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் நாட்டிலிருந்து அந்த ஆண்டு போனவர் அவர் ஒருவர்தான்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் வாசலில் ஒரு பையன் என்னிடம் வந்தான். எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ இருக்கும். "சார், அவர் எத்தனாவது வந்தார்?" என்று கேட்டான். "நாற்பத்தைந்தாவது" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப எதுக்கு சார் அவரைப் பத்திப் பேசறீங்க?" என்றான். நியாயமான கேள்வி. தம்பி, நீ எங்கே உட்கார்ந்திருந்தாலும் சரி, இன்று நான் பேசப்போவது முழுவதும் உன் கேள்விக்கான பதில்தான்.

முதலில் பனியைப் பற்றி இரண்டு வார்த்தை. சித்திரை பிறந்தால் நம் மாவட்டத்துத் திருத்தணியின் வெயில் பத்திரிகையில் செய்தியாக வருகிறது. நமக்கும் பனிக்கும் என்ன உறவு? நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தபோது இரண்டு பருவத்துக்குப் பனியின் பெயரை வைத்தார்கள். முன்பனி, பின்பனி. ஆனால் நம் பனி புல் நுனியில் நிற்கும். வெயில் ஏறினால் போய்விடும். மிஞ்சிப்போனால் ஊட்டியில் மார்கழி, தை மாத விடியலில் உறைபனி படியும். காஷ்மீரத்துக் குல்மார்க்கில் பெய்யும் பனியோ ஆளை இடுப்பு வரை விழுங்கும். தொட்டபெட்டா உச்சியின் உயரம் 2,637 மீட்டர். தமிழ்நாட்டின் அந்த உச்சிக்கு ஏறக்குறையச் சமமான உயரத்தில்தான் குல்மார்க்கின் புல்வெளியே கிடக்கிறது. மலை அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

இனி என்னைப் பற்றி ஒரு செய்தி. நான் தொழிற்சாலையில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தவன். அதில் பதினெட்டு ஆண்டு என் கையில் இருந்தது ஸ்டாப்வாட்ச். டைம் ஸ்டடி என் வேலை. ஒரு பாகம் மெஷினில் ஏறி இறங்க எத்தனை விநாடி, அடுத்த மெஷினுக்குப் போக எத்தனை விநாடி, லைன் எங்கே தேங்குகிறது என்று அளப்பதுதான் அந்த வேலை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தப்புச் செய்தேன். லைனின் கடைசியில் நின்ற ஒரு பெரியவர் ஒவ்வொரு பாகத்துக்கும் நான்கு விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டார். அளந்தேன், அவர் பெயரைப் போட்டு ரிப்போர்ட் எழுதினேன். எங்கள் ஃபோர்மேன் அதைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. "வாடா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். லைனின் கடைசியிலிருந்து தலைப்பு வரைக்கும் பின்னோக்கி நடக்க வைத்தார். மூன்றாவது மெஷினில் டூல் மழுங்கியிருந்தது. பாகத்தின் விளிம்பில் பிசிறு விட்டது. அந்தப் பிசிறை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் நின்ற பெரியவர் மட்டும் கவனித்து, ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நான்கு விநாடி அவருடையதே இல்லை. மூன்றாவது மெஷினுடையது. நான் எழுதியதோ அவர் பெயரை.

இன்று வரை அந்தக் குற்ற உணர்வு எனக்குப் போகவில்லை. அதனால்தான் ஆரிஃப் கானின் நேரத்தை நான் முதன்முதலில் படித்தபோது என் கை தானாகவே ஸ்டாப்வாட்சைத் தேடியது.

2022 பிப்ரவரி 13. பெய்ஜிங்குக்கு அருகில் யான்சிங் மலை. ஆண்களுக்கான ஜயன்ட் சலாலம் போட்டி. தங்கம் வென்றவர் சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட். அவருக்கு ஆன நேரம் 2 நிமிடம் 9.35 விநாடி. ஆரிஃப் கானுக்கு ஆன நேரம் 2 நிமிடம் 47.24 விநாடி. வித்தியாசம் 37.89 விநாடி.

இரண்டாவது வந்த ஸ்லோவேனிய வீரர் முதலாமவரிடம் தோற்றது 0.19 விநாடியில். கண் சிமிட்டும் நேரம்! அந்த விளையாட்டில் 37.89 விநாடி என்பது எவ்வளவு பெரிய தூரம் தெரியுமா? சொன்னால் புரியாது. உட்கார்ந்து பார்த்தால் புரியும். இதோ, என் பழைய ஸ்டாப்வாட்ச். அமுக்குகிறேன். யாரும் பேசாமல் இருங்கள்.

(அரங்கில் அமைதி.)

அவ்வளவுதான். நடுவில் இரண்டு பேர் இருமினீர்கள், ஒரு குழந்தை அழுதது, வெளியே ஒரு லாரி போனது. எவ்வளவு நீளமாக இருந்தது பார்த்தீர்களா? இருவரும் ஒன்றாகப் புறப்பட்டிருந்தால், ஓடர்மாட் எல்லைக் கோட்டைத் தாண்டி, தலைக்கவசத்தைக் கழற்றி, மூச்சு வாங்கி நிற்கும் வரைக்கும் ஆரிஃப் அந்த மலையில் இறங்கிக்கொண்டே இருந்திருப்பார்.

இந்த 37.89 விநாடி எங்கே பிறந்தது? இதைத்தான் இன்று நாம் தேடப் போகிறோம். என் ஃபோர்மேன் கற்றுக்கொடுத்தபடி கடைசியிலிருந்து பின்னோக்கி நடப்போம், வாருங்கள்.

முதலில் அந்த விளையாட்டு என்ன என்று பார்த்துக்கொள்வோம். இங்கே இரு சக்கர வாகன உரிமம் வாங்கியவர்கள் எல்லோரும் ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டு போட்டிருப்பீர்கள். கால் தரையில் படக் கூடாது, கோட்டைத் தாண்டக் கூடாது. அந்த எட்டைச் செங்குத்தான மலைச்சரிவில் போட வேண்டும். தரை முழுக்கப் பனிக்கட்டி. பிரேக் கிடையாது. வேகமோ நம் நெடுஞ்சாலையில் கார் போகும் வேகம். ஒரு வளைவு முடியும்முன் அடுத்த வளைவு. இடப்பக்கம் ஒரு கொடி, வலப்பக்கம் ஒரு கொடி, அவற்றை வாயில்கள் என்கிறார்கள். ஒரே ஒரு வாயில் தவறினாலும் ஆட்டம் முடிந்தது. இப்படி ஒரே நாளில் இரண்டு முறை இறங்க வேண்டும். இரண்டு நேரத்தையும் கூட்டி முடிவு சொல்வார்கள். வாயில்கள் நெருக்கமாக இருந்தால் அது சலாலம், கொஞ்சம் அகலமாக இருந்தால் ஜயன்ட் சலாலம்.

சரி, அன்றைக்கு என்ன நடந்தது? யான்சிங் வறண்ட குளிர் அடிக்கும் மலை. அங்கே இயற்கைப் பனி குறைவு. அதனால் போட்டித் தடம் முழுவதையும் இயந்திரம் வைத்துச் செய்த பனியாலேயே போட்டிருந்தார்கள். ஆனால் பிப்ரவரி 13 அன்று வானம் திறந்துகொண்டது. கொட்டோ கொட்டென்று பனி கொட்டியது. எதிரே இருக்கும் கொடி தெரியவில்லை. சரிவின் மேடும் பள்ளமும் ஒரே வெள்ளையாகிவிட்டன. இரண்டாவது ஓட்டத்தையே தாமதமாகத்தான் தொடங்கினார்கள். களத்தில் இறங்கியவர்கள் 89 பேர். எல்லையைத் தொட்டு முடித்தவர்கள் 46 பேர். விழுந்தவர்கள், வாயில் தவறியவர்கள் என்று 43 பேர் கணக்கிலேயே வரவில்லை. அவர்களில் குழந்தையாக நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பனியில் வளர்ந்தவர்கள் எத்தனை பேர்!

ஆரிஃப் முதல் ஓட்டத்தை 1 நிமிடம் 22.35 விநாடியில் முடித்தார். இரண்டாவது ஓட்டத்தை 1 நிமிடம் 24.89 விநாடியில் முடித்தார். இரண்டு முறையும் நின்று இறங்கினார். தம்பி, "நாற்பத்தைந்தாவது" என்று நான் சொன்னபோது உன் முகம் சுருங்கியதே, அந்த நாற்பத்தைந்துக்குப் பின்னால் இந்த நாற்பத்து மூன்று பேரும் இருக்கிறார்கள். அதை நான் வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் நான் கணக்கை இத்தோடு முடிக்க மாட்டேன். வானிலை எல்லோருக்கும் ஒன்றுதான், ஓடர்மாட்டுக்கும் அதே பனிதான் கொட்டியது. அப்படியானால் இன்னும் பின்னால் நடக்க வேண்டும்.

ஒரு அடி பின்னால் வந்தால் புறப்படும் வரிசை இருக்கிறது. முதல் ஓட்டத்தில் உலகத் தரவரிசையில் முன்னால் இருப்பவர்கள் முன்னால் இறங்குவார்கள். பின்னால் இருப்பவர்கள் அவர்களுக்குப் பிறகு. மழை விட்ட மண் ரோட்டில் முதலில் போகிற சைக்கிளுக்குப் பாதை எப்படி இருக்கும்? ஐம்பது லாரி போன பிறகு போகிற சைக்கிளுக்கு எப்படி இருக்கும்? பனித் தடமும் அப்படித்தான். முதல் பத்துப் பேருக்கு அது வழவழப்பான சிமெண்டுத் தளம். பின்வரிசைக்காரருக்கு ஒவ்வொரு வாயிலருகிலும் கணுக்கால் ஆழத்துக்குக் குழி. தரவரிசையில் முன்னேறாமல் நல்ல தடம் கிடைக்காது, நல்ல தடம் கிடைக்காமல் தரவரிசையில் முன்னேறுவதும் கடினம். இந்தச் சுழலில் சில விநாடிகள் பிறந்தன. எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு அடி. இதைச் சொன்னால் நம் பட்டறைத் தோழர்களுக்கு உடனே விளங்கும். பனிச்சறுக்குக் கட்டையின் இருபுறமும் எஃகு விளிம்பு ஓடும். வளைவில் உடம்பைச் சாய்க்கும்போது அந்த விளிம்புதான் பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கும். அதைச் சாணை பிடிப்பதும் லேத் டூலுக்குச் சாணை பிடிப்பதும் ஒரே கலைதான். ஒரு டிகிரி கோணம் மாறினால் பிடி மாறிவிடும். அன்றைய பனி கடினமா, ஈரமா, புதியதா என்று பார்த்து அடிப்பாகத்தில் பூசும் மெழுகை மாற்ற வேண்டும். முன்னணி வீரர்களுக்கு இதற்கென்றே ஆள் உண்டு. அந்த ஆள் ராத்திரி முழுக்க விளிம்பைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது வீரர் தூங்குவார். ஆரிஃப் தன் விளையாட்டு வாழ்க்கையின் பெரும்பகுதியில் நாடு நாடாகத் தனியாகவே அலைந்தவர். மழுங்கிய டூலின் பிசிறு கடைசி ஆள் கையில்தான் தெரியும் என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா?

வாருங்கள், இன்னும் பின்னால் போவோம். இப்போது 2021-க்கு வந்துவிட்டோம். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறப் புள்ளிகள் வேண்டும். நம் ஊர் வழக்கத்துக்கு நேர்மாறான புள்ளிகள் அவை. குறையக் குறைய நல்லது. பன்னாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டு, வென்றவருக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கிச் சுருக்கிப் புள்ளியைக் கீழே கொண்டுவர வேண்டும். அதற்குப் போட்டி நடக்கும் ஊருக்கெல்லாம் போக வேண்டும். போக டிக்கெட் வேண்டும், தங்க அறை வேண்டும், சரிவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும், பயிற்சியாளருக்குச் சம்பளம் வேண்டும். காசு வேண்டும்!

2018 பியாங்சாங் ஒலிம்பிக்குக்கு முன்னால் ஆரிஃப் இந்தக் காசுக்குத்தான் பொதுமக்களிடம் கையேந்தினார். இணையத்தில் நிதி திரட்டினார். போதவில்லை. மீதமிருந்த போட்டிகளுக்குப் போக முடியாமல் அந்த ஒலிம்பிக் கைநழுவியது. அதே குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோசில் இளையோர் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் ஒரு பையன் ஐந்து தங்கம் வென்றான். அவன் பெயர் மார்கோ ஓடர்மாட். ஓடர்மாட்டை நான் குறை சொல்லவில்லை, அவர் மாபெரும் வீரர். ஒருவர் தன் நாட்டு மலையில் தன் மக்கள் முன்னால் ஐந்து தங்கம் வாங்கிய குளிர்காலத்தில், இன்னொருவர் டிக்கெட் காசுக்காகக் காத்திருந்தார். நான்கு ஆண்டு கழித்து இருவரும் ஒரே மலையில் நின்றார்கள். இடைவெளி அன்றைக்கா பிறந்தது?

2018-இல் கனவு கைநழுவியபோது அவருக்கு வயது இருபத்தெட்டை நெருங்கியிருந்தது. பலர் அதோடு விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. 2021-இல் தனியார் உதவி கொஞ்சம் கிடைத்தது. திருமணத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் போட்டிகளுக்குப் போனார். அந்த ஆண்டு நவம்பரில் அவர் சலாலத்துக்குத் தகுதி பெற்ற இடம் எது தெரியுமா? துபாய்! பாலைவனத்தின் நடுவில், ஒரு வணிக வளாகத்துக்குள், கூரைக்கு அடியில், குளிர்பதனப் பெட்டிபோல் கட்டிய மண்டபத்தில் செய்துவைத்த பனி. இமயத்தில் பிறந்தவன் இமயத்தை விட்டு அரபு மணலுக்குப் போய் ஒலிம்பிக் வாசலைத் திறந்தான். நம் மாவட்டத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் ஏ.சி. மெக்கானிக்காக, ஃபிட்டராக அதே துபாய்க்குப் போயிருக்கிறார்கள்! மணலில் பனியை உறைய வைக்கும் அந்த இயந்திரங்களின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த மாதம் மாண்டினீக்ரோ நாட்டில் ஜயன்ட் சலாலத்துக்கும் தகுதி பெற்றார். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு பிரிவுகளுக்கு நேரடியாகத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அதற்குப் பிறகுதான் மத்திய அரசின் ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டத்தில் ஆஸ்திரியாவில் பயிற்சி பெற 17.46 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். நன்றி சொல்ல வேண்டிய உதவி, சொல்கிறேன். ஆனால் பயிர் கதிர் விட்ட பிறகு மடை திறந்தால் எவ்வளவு பலன் கிடைக்குமோ அவ்வளவுதான் கிடைக்கும். நாற்றங்கால் காய்ந்து கிடந்தபோது தண்ணீர் எங்கே போயிருந்தது?

இது பனிக்கு மட்டும் உள்ள கதை என்று நினைக்காதீர்கள். சென்னை வண்ணாரப்பேட்டையில் பிறந்த பவானி தேவி, இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் சென்ற முதல் வாள்வீச்சு வீராங்கனை. தொடக்கத்தில் மூங்கில் குச்சியை வாளாக வைத்துப் பயிற்சி எடுத்தவர். மகளுக்காகத் தாய் நகையை அடகு வைத்தார். யாரும் விளையாடாத விளையாட்டை நம் பிள்ளை விளையாடினால் அந்த வீட்டின் அடுப்படி வரைக்கும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

மேலும் பின்னால் போவோம். இன்னொரு பெரிய விநாடிப் பொதி இங்கே கிடக்கிறது. அது பனி. குல்மார்க்கில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் கடுங்குளிர். சில்லை கலான் என்று காஷ்மீர மக்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குக் கத்திரி வெயில் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. அந்தப் பனி மார்ச் வரை நிற்கும். பிறகு? பிறகு புல்வெளி. ஐரோப்பிய வீரர்கள் மே, ஜூனில் ஆஸ்திரியாவின் பனியாறுகளுக்குப் போவார்கள், ஜூலை, ஆகஸ்டில் சிலிக்கோ நியூசிலாந்துக்கோ பறப்பார்கள். அங்கே அப்போது குளிர்காலம். அவர்களுக்கு ஆண்டு முழுவதும் பனி. ஆரிஃபுக்கு மூன்று மாதம். ஒரு ஐ.டி.ஐ. மாணவனை ஆண்டுக்கு மூன்று மாதம் மட்டும் லேத்தைத் தொடவிட்டு, மற்றவனை முழு ஆண்டும் தொடவிட்டால் பத்து ஆண்டு கழித்து இருவர் கையும் ஒன்றாகவா இருக்கும்?

அந்த மூன்று மாதத்துக்கும் இப்போது உத்தரவாதம் இல்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய சரிவு பழுப்பாகக் கிடந்தது. 2025-இல் அங்கே நடக்க இருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள். பூண்டி ஏரி வற்றினால் நமக்கு அடிவயிறு கலங்கும் அல்லவா, அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அப்படித்தான் இருந்தது.

இனி நாட்டின் கணக்கு. இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குல்மார்க்கில் வெள்ளைக்கார அதிகாரிகள் பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கியது 1927-இல். விடுதலைக்குப் பிறகு 1948-இல் நம் ராணுவம் அங்கே பனிச்சறுக்குப் பள்ளி தொடங்கியது. முதன்முதலில் இந்தியாவுக்காகக் குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கியவர் போலந்தில் பிறந்த ஜெரமி புஜகோவ்ஸ்கி. ஆண்டு 1964, இடம் இன்ஸ்புரூக். அவர் போட்டியை முடிக்கவில்லை. 1988-இல் கால்கரியில் ஷைலஜா குமார் சலாலத்தில் 28-ஆவது இடம் பெற்றார். குளிர்கால ஒலிம்பிக் கண்ட முதல் இந்தியப் பெண் அவர். பிறகு 2006-இல் நேஹா அகுஜா, ஹீரா லால். 2010-இல் ஜம்யாங் நம்க்யால். 2014 சோச்சியில் நம் ஒலிம்பிக் சங்கமே தடையில் இருந்ததால் தொடக்க விழாவில் நம் வீரர்கள் மூவர்ணக் கொடி இல்லாமல் நடந்தார்கள். போட்டிகள் நடந்துகொண்டிருக்கும்போது தடை நீங்கி, பனிச்சறுக்கு வீரர் ஹிமான்ஷு தாக்கூருக்குக் கொடி கிடைத்தது. 2018 ஜனவரியில் மணாலிக்கு அருகில் உள்ள புருவா கிராமத்து ஆஞ்சல் தாக்கூர் துருக்கியில் வெண்கலம் வென்றார். பன்னாட்டுப் பனிச்சறுக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் என்று நாடே கொண்டாடியது.

எண்ணிப் பாருங்கள். 1964-இலிருந்து 2022 வரை 58 ஆண்டு. ஒருவர் போவார், திரும்பி வருவார். அவர் கற்றது அடுத்தவருக்குப் போகாது. நம் பட்டறையில் ஒரு மூத்த டர்னர் ஓய்வு பெற்றால் கீழே மூன்று பேருக்குக் கை பழகியிருக்கும். அப்படிக் கை மாறும் ஏற்பாடு இந்த விளையாட்டில் நமக்கு அமையவில்லை. ஒவ்வொருவரும் முதல் ஆளாகவே தொடங்கினார்கள்.

வந்துவிட்டோம். லைனின் தலைப்புக்கு வந்துவிட்டோம்.

1990 மார்ச் 3. பாரமுல்லா மாவட்டம், தங்மார்க் பக்கம் ஹாஜிபல் என்ற ஊரில் ஆரிஃப் பிறந்தார். அந்த ஆண்டு என்ன ஆண்டு என்று பெரியவர்களுக்குத் தெரியும். காஷ்மீரத்தில் துப்பாக்கிச் சத்தம் தொடங்கிய காலம். அவருடைய தந்தை முகமது யாசின் கான் குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாமான் கடையும் சுற்றுலா ஏற்பாட்டுத் தொழிலும் நடத்தியவர். சுற்றுலாப் பயணி வந்தால்தான் அந்தக் கடையில் விளக்கு எரியும். தொண்ணூறுகளில் யார் வந்தார்கள்? பயணிகள் வராத அந்த ஊரில் ஒரு கடைக்காரர் தன் நான்கு வயது மகனைப் பனிச்சறுக்குக் கட்டையில் ஏற்றி நிறுத்தினார். நாம் ஏரிக்கரைச் சரிவில் தென்னை மட்டையில் உட்கார்ந்து சறுக்கினோமே, அந்த வயது. அப்பா கீழே நிற்க, பையன் மேலிருந்து வருகிறான். இந்த இடத்தில் நான் ஸ்டாப்வாட்சை அமுக்கிப் பார்க்கிறேன். இங்கே ஒரு விநாடி கூட நஷ்டம் இல்லை.

பத்து வயதில் முறையான பயிற்சி. பன்னிரண்டு வயதில் தேசிய அளவில் சலாலத்தில் தங்கம். பதினாறு வயதில் ஜப்பானில் முதல் பன்னாட்டுப் போட்டி. 2011-இல் தேராதூனிலும் அவுலியிலும் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்தன. அதில் சலாலம், ஜயன்ட் சலாலம் இரண்டிலும் தங்கம். 2013-இலிருந்து உலக சாம்பியன்ஷிப் களங்கள். எங்கே போனாலும் பட்டியலின் அடிப்பகுதியில் தன் பெயரைப் பார்த்து, அடுத்த போட்டிக்கு மூட்டை கட்டியவர். திறமைக் குறைவு தெரிகிறதா இதில்? எனக்குத் தெரியவில்லை.

இப்போது மறுபடி 2022-க்கு வாருங்கள். பிப்ரவரி 4, பெய்ஜிங்கில் தொடக்க விழா. கால்வானில் நம் வீரர்களோடு மோதிய சீனப் படைப்பிரிவின் அதிகாரியை அந்த நாடு ஒலிம்பிக் சுடர் ஏந்த வைத்தது. நம் அரசு வருத்தம் கொண்டு, தன் தூதரக அதிகாரி விழாவில் கலந்துகொள்ள மாட்டார் என்று அறிவித்தது. தூர்தர்ஷனும் விழாவை ஒளிபரப்பவில்லை. நாட்டின் மானம் சம்பந்தப்பட்ட முடிவு, அது சரியே. ஆனால் ஒரு கணம் அந்த இளைஞரை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய அரங்கில் தன் நாட்டின் ஒரே விளையாட்டு வீரனாக மூவர்ணக் கொடியைக் கையில் பிடித்து நடக்கிறார். முப்பத்திரண்டு வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. 2018-இல் காசு இல்லாமல் போன கனவு, துபாயின் கூரைக்கடியில் திரும்பக் கிடைத்த கனவு. அந்த நடையை அவருடைய நாட்டின் தொலைக்காட்சி காட்டவில்லை. குல்மார்க்கின் கடைகளில் அன்று என்ன நினைத்திருப்பார்கள்? நான் பல ராத்திரி அதை யோசித்திருக்கிறேன்.

ஒன்பது நாள் கழித்து அந்தப் பனிப்பொழிவில் இறங்கி, 46 பேரில் ஒருவராக முடித்தார்.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்த 37.89 விநாடியில் புறப்படும் வரிசைக்குக் கொஞ்சம் போகும். தீட்ட ஆளில்லாத விளிம்புக்குக் கொஞ்சம். பனியில்லாத ஒன்பது மாதங்களுக்கு நிறையப் போகும். 2018-இல் வராத காசுக்கும், 58 ஆண்டாகக் கை மாறாத அறிவுக்கும் நிறையப் போகும். எதற்கு எத்தனை என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பிரிக்க முடியாது. பிரித்தால் அது பொய்க் கணக்கு. ஆனால் ரிப்போர்ட்டில் லைனின் கடைசியில் நிற்பவர் பெயரை மட்டும் எழுத மாட்டேன். ஒரு முறை எழுதியது போதும்.

எல்லாவற்றையும் கழித்த பிறகு சில விநாடிகள் மிஞ்சும். அவை ஆரிஃபுடையவை. ஒரு வளைவில் உடம்பு கொஞ்சம் தாமதமாகச் சாய்ந்திருக்கும், ஒரு வாயிலில் மனம் கொஞ்சம் பயந்திருக்கும். எந்த வீரனுக்கும் உள்ளவை. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 16, சலாலம் போட்டி. நெருக்கமான வாயில்கள். முதல் ஓட்டத்திலேயே ஆட்டம் தவறிவிட்டது. முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே நேரம் இல்லை, "முடிக்கவில்லை" என்ற குறிப்புத்தான் இருக்கிறது. அதற்கு நான் கணக்கு எடுக்கவில்லை, தம்பி. வரிசையையும் பனியையும் காசையும் அங்கே சாட்சிக்குக் கூப்பிடவும் மாட்டேன். அந்த ஓட்டம் ஆரிஃபுக்கும் அந்த மலைக்கும் நடுவில் உள்ளது. அங்கே போய் நிற்பதற்குத்தான் அவர் நான்கு வயதிலிருந்து நடந்து வந்தார்.